பாதி இன்ஜின், முழுச் செலவு

எங்கள் கார் 2013 மாடல், 1.3 லிட்டர் டீசல். 1,48,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2024 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலகிரி போய்த் திரும்பும் வழியில் மாதனூர் தாண்டி அதன் இன்ஜின் செத்துப் போனது. கொன்றவன் நான்தான்.

மலை ஏறும்போதே அது சொல்லிப் பார்த்தது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதோ பத்தோ தாண்டும்போது டெம்பரேச்சர் ஊசி நடுக்கோட்டை விட்டு மேலே நகர்ந்தது. ஏசியை அணைத்தேன், இறங்கியது. பையன் முனகினான், மறுபடி போட்டேன். மேலே போய்ப் படகில் சுற்றியதில் ஊசியை மறந்தே விட்டேன். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை இல்லை, அதனால் தொல்லையும் இல்லை. ஆம்பூரில் பிரியாணி கட்டிக்கொண்டு பைபாஸ் ஏறிப் பத்து நிமிஷத்தில் ஊசி சிவப்பைத் தொட்டது. ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டேன். கையில் இருந்த இரண்டு பாட்டில் குடிதண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் ஊசி மளமளவென்று இறங்கி அடியில் படுத்துக்கொண்டது.

"பார்த்தியா, சரியாயிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தின் விலை 1,74,300 ரூபாய்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் முழுக்க ஒழுகிப் போய்விட்டால், சூட்டை அளக்கும் சென்சாரின் முனை தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நிற்கும். அப்போது ஊசி பொய் சொல்லும். கொதித்துக்கொண்டிருந்த ஊசி திடீரென்று படுத்துவிட்டால் அங்கேயே சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தியிருக்க வேண்டும். நான் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் ஓட்டினேன். முதலில் இழுவை குறைந்தது, அப்புறம் உள்ளே யாரோ சரளைக் கல்லைக் குலுக்குவது போல ஒரு சத்தம், பின்னால் வெள்ளைப் புகை. வண்டி தானாகவே நின்றது. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்தேன். வந்து வண்டியைப் பத்திரமாக ஓரத்துக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். அங்கிருந்து வேலூருக்கு ரிகவரி வண்டி என் செலவு, 3,500 ரூபாய். பிரியாணி மட்டும் சூடாக இருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

வேலூரில் நான் பல வருஷமாக வண்டி விடும் மெக்கானிக்கை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். மறுநாள் காலை அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். டீக்கடையில் பால் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரிப் பழுப்பு நுரை. தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். அப்புறம் குனிந்து ரேடியேட்டரின் கீழ் ஹோஸை விரலால் மடக்கினார். கிளிப் பக்கத்தில் ஒரு அங்குல நீளத்துக்கு விரிசல்.

"ஹோஸ் நானூறு ரூபா சார். அது போனா வண்டி நிக்கும், அவ்ளோதான். நீங்க அப்படியே ஓட்டிகினு வந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தத் தண்டம்."

இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிய பிறகு மிச்சமும் தெரிந்தது. இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடு ஏறினால் அலுமினியம்தான் முதலில் வளையும். நேர்ப்பட்டையை ஹெட்டின் மேல் வைத்து இடுக்கில், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தார், வழுக்கிக்கொண்டு போனது. ஹெட் வளைந்ததோடு நின்றிருந்தால் 25, 30 ஆயிரத்தில் தப்பித்திருப்பேன். மூன்றாவது சிலிண்டர் சுவரில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் ஆழத்துக்குக் கீறல்கள். பிஸ்டன் ஒரு பக்கம் உருகித் தேய்ந்திருந்தது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று ஒரு நப்பாசை. சாதாரண பாலிசி விபத்துக்குத்தான், இயந்திரக் கோளாறுக்கு இல்லை. தனியாகப் பணம் கட்டி எடுக்கும் இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையும் பெரும்பாலும் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்தாலோ, அடியில் அடிபட்டு ஆயில் ஒழுகினாலோதான் கை கொடுக்கும். கூலண்ட் இல்லாமல் ஓட்டியவனுக்கு எங்கும் காசு கிடையாது.

சரி, என்ன செய்யலாம் என்று விசாரித்ததில் நாலு வழி தெரிந்தது.

கம்பெனி சர்வீஸில் முழு இன்ஜின் மாற்ற 2,46,000 என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். இன்ஜின் வர மூன்று, நாலு வாரம். இது ஒரு ஓரம். இன்னொரு ஓரம், பழைய பிளாக்கையே லேத்தில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), உள்ளே புதுச் சுவராக லைனர் இறக்கி, புது பிஸ்டன் போடுவது. 80 ஆயிரத்துக்குள் முடியும். மூன்றாவது, சென்னை புதுப்பேட்டையில் ஓடின இன்ஜின் ஒன்றைப் பிடிப்பது. 60, 65 ஆயிரம் இன்ஜினுக்கு, மாட்டுகிற கூலி தனி. நாலாவது, கம்பெனி பேக்கிங்கில் புது ஹாஃப் இன்ஜின் வாங்கி, நம் பழைய ஹெட்டைச் சரிசெய்து அதன் மேல் உட்கார வைப்பது. ஹாஃப் இன்ஜின் என்றால் பிளாக், க்ராங்க், பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் கோத்துப் பெட்டியில் வரும்.

புதுப்பேட்டை பற்றி ஒரு வார்த்தை. மலிவு என்று ஓடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். என் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி வண்டிகளிலும் ஓடியது. அதனால் எங்கே கேட்டாலும் கிடைக்கும். ஆனால் அதிலேயே 75 குதிரைத்திறனில் ஒன்று, 90-ல் ஒன்று. இரண்டுக்கும் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) வேறு. கம்பெனிக்குக் கம்பெனி பிராக்கெட், வயரிங், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூ எல்லாம் மாறும். "அதே இன்ஜின்தான் சார்" என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு மெக்கானிக் வெல்டிங் மெஷினோடு உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது. பில்லும், அந்தப் பழைய வண்டியின் ஆர்சி நகலும் இல்லாமல் கொடுப்பதை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் எண் உங்கள் பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

நான் நாலாவது வழியை எடுத்தேன். வீட்டில் இதற்கு ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்தது. புரோக்கர் ஒருவர் வண்டியை நின்ற நிலையில் 90 ஆயிரத்துக்குக் கேட்டார். ஓடுகிற நிலையில் இருந்தால் இரண்டரை, இரண்டே முக்கால் போகும். செலவைக் கூட்டிக் கழித்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் அதே இரண்டரை லட்சத்துக்கு வேறு பழைய வண்டி வாங்கினால், அதன் இன்ஜினை எவன் எப்படி ஓட்டினான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதன் கதையாவது எனக்குத் தெரியும், கெடுத்தவனையும் தெரியும். ஆர்சி 2028 வரை இருந்தது. பாடியில் துரு இல்லை. பாடி அழுகிப்போன வண்டியாக இருந்திருந்தால் புரோக்கரிடமே கொடுத்திருப்பேன்.

பாய் வாய்க்கணக்கில் 1,35,000 என்றார். நான் செய்த அடுத்த தப்பு அங்கேதான். எதெல்லாம் அந்த 1,35,000-க்குள் அடங்கும் என்று கேட்டு எழுதி வாங்கவில்லை. கூலியில் மட்டும் பேரம் பேசி 22 ஆயிரத்தை 20 ஆயிரமாக்கிவிட்டு, பெரிய சாமர்த்தியம் செய்ததாக வீட்டுக்கு வந்தேன்.

கடைசிக் கணக்கு இது. ஹாஃப் இன்ஜின் வரியோடு 88,400. ஹெட்டுக்கு லேத்தில் ஃபேஸிங், வால்வு வேலை 7,500. கேஸ்கெட் செட், புது ஹெட் போல்ட் 6,200. டைமிங் செயின் கிட் 6,800. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ்களும், ரேடியேட்டரும் சேர்த்து 12,900. கிளட்ச் செட் 7,600. இன்ஜின் மவுண்டிங் மூன்றும் 4,900. நாலு இன்ஜெக்டரையும் டெஸ்ட் பண்ணி, ஒன்றைச் சரிசெய்ய 7,900. டர்போ கழுவ 1,500. ஆயில், ஃபில்டர், கூலண்ட் 5,300. ஏசி கேஸ் 1,800. கூலி 20,000. ரிகவரி 3,500. மொத்தம் 1,74,300.

இன்ஜின் விலை இதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். ரிகவரியை விட்டுவிட்டாலும், பாய் சொன்னதற்கு மேல் கிட்டத்தட்ட 36 ஆயிரம் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் போன் வரும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. "ரேடியேட்டர் உள்ள பாதி அடைச்சிகினு இருக்கு சார், என்ன பண்றது?" கிளட்ச் நன்றாகத்தானே இருந்தது என்று சண்டைக்கே போனேன். அவர் பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். ரிவெட் தலை தெரிய இன்னும் ஒரு மில்லிமீட்டர்தான் பாக்கி. இப்போது கியர்பாக்ஸ் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கிறது, பிளேட் விலை மட்டும்தான். ஆறு மாசம் கழித்து என்றால் அதே பிளேட்டுக்காகக் கியர்பாக்ஸை இறக்க இன்னொரு முறை கூலி. மவுண்டிங்குக்கும் இதே கணக்கு. வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் செயினுக்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. தேய்ந்த பழைய செயினைப் புது இன்ஜினில் மாட்டி, அது நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதும், முதலிலிருந்து ஆரம்பம்.

நான் யோசித்தே பார்க்காத ஒன்று ஆயில் கூலர். பழைய இன்ஜின் தேய்ந்து உதிர்த்த உலோகத் துகள் ஆயிலோடு ஓடி அதன் இடுக்குகளில் போய்த் தங்கியிருக்கும். கழுவாமல் மாட்டினால் புது இன்ஜின் முதல் நாளே அந்தத் துகளைக் குடிக்கும். பாய் அதில் டீசலை ஊற்றிக் குலுக்கி வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டினார். துணியில் மினுமினுவென்று ஜிகினா போல. டர்போவையும் இன்டர்கூலரையும் இதற்காகத்தான் கழுவினார். புது இன்ஜின் போட்டும் ஆறு மாசத்தில் போச்சு என்று யாராவது சொன்னால், ஆயில் கூலரைக் கழுவினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வரி விஷயம் ஒன்று. அப்போது கார் உதிரிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அடக்க விலை மாறாதிருந்தால் எனக்கு ஹாஃப் இன்ஜினில் மட்டும் ஏறக்குறைய 7,000 மிச்சமாகியிருக்கும். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு கடையில் ஆசை காட்டினார்கள். நல்ல வேளை, வாங்கவில்லை. அந்த பில் இல்லாமல் ஆர்டிஓ அலுவலகத்தில் கால் வைத்திருக்க முடியாது, கம்பெனி வாரண்டியும் கிடைத்திருக்காது.

ஆர்டிஓ வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் எண் குத்தியிருப்பது பிளாக்கில். ஹெட்டை மட்டும் மாற்றினால் எண் மாறாது. பிளாக் மாறினால் ஆர்சியில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் வேறு வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்கிறது, மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் ஏற்றவும் சொல்கிறது. "ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று பாய்தான் சொன்னார். போன பிறகுதான் தெரிந்தது, 2018-லேயே கடனை அடைத்தும் ஆர்சியில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறது என்று. தடையில்லாச் சான்று வாங்கவே ஒரு வாரம் போனது. ஆர்சியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடைத்த கடன் அதில் உட்கார்ந்திருந்தால் அவசரமில்லாத நாளில் எடுத்துவிடுங்கள். ஆர்சி மாறிய பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் எண்ணை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஏதாவது விபத்து என்று போய் நிற்கும்போது அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வார்கள்.

பழைய பிளாக்கைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். எண் குத்திய இடத்தைப் போட்டோ எடுத்தேன், காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட்டும் எடுத்தேன். ஆர்சி கைக்கு வரும்வரை அது வராந்தாவில் சாக்கு போர்த்திக் கிடந்தது. அம்மா அதன் மேல் வடகத் தட்டை வைத்துக் காயப் போட்டாள். அப்புறம்தான் காயலான் கடைக்குப் போனது.

வேலை நடந்த பன்னிரண்டு நாளும் காட்பாடியிலிருந்து குடியாத்தம் கடைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போனேன். சாயங்காலம் திரும்பும்போது ஷெட்டில் அரை மணி நேரம் நிற்பேன். ஹெட் போல்ட் முடுக்கியதைப் பார்த்தது மறக்காது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக, முதல் சுற்று, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச்சில். அடுத்த சுற்றுகள் கோணக் கணக்கு. ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஷெட் பையன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். எல்லாக் கோடும் கால் வட்டம் திரும்பி ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒரு கோடு கொஞ்சம் பின்தங்கியிருந்தது. பாய் ஒன்றும் பேசாமல் ரெஞ்சைக் கையில் வாங்கி அதைச் சரிசெய்தார். கூலியில் நான் குறைத்த இரண்டாயிரம் அப்போது நினைவுக்கு வந்தது.

முதல் ஸ்டார்ட்டும் நான் நினைத்த மாதிரி இல்லை. இன்ஜெக்டர் வயர்களைக் கழற்றிவிட்டுச் சும்மா சுற்றவிட்டார், டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும்வரை. உலர்ந்த பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் டீசல். கூலண்ட் நிரப்பி, காற்றுக் குமிழ் எல்லாம் வெளியே வரும்வரை மூடியைத் திறந்து வைத்தே ஓடவிட்டார்; அதற்கே முக்கால் மணி நேரம். "இந்த முக்கா மணி நேரத்தைத்தான் சார் நெறைய பேர் விட்டுடறாங்க. காத்து மாட்டிகினா மறுபடி ஹீட்டு."

முதல் 1,000 கிலோமீட்டருக்கு 80-க்கு மேல் போகாதே, ஒரே வேகத்திலும் பிடிக்காதே, ஏற்றத்தில் பாரம் ஏற்றாதே என்று சட்டம் போட்டார். ஆயிரத்தில் ஆயில் மாற்றினோம். வடித்த ஆயிலை அதே வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தார். புது இன்ஜின் என்பதால் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும் என்றார். 5,000-ல் மறுபடி மாற்றியபோது துணி வெறும் கறுப்பு.

போன தை மாதம் மறுபடி ஏலகிரி போனோம். டிக்கியில் ஒரு லிட்டர் கூலண்ட், ஒரு ஹோஸ், இரண்டு கிளிப். மனைவி முன் சீட்டில். முதல் வளைவிலேயே ஏசியை அவளே அணைத்தாள்.

"ஊசி எங்க இருக்கு?"

"நடுவுல."

அடுத்த வளைவு. "ஊசி?"

"நடுவுல."

உச்சிக்குப் போவதற்குள் 14 தடவை கேட்டாள்.